1916: இருவேல்பட்டும் சிதம்பரமும்

தமிழ்நாட்டுக் கிராமங்களின் பொருளாதாரத்தை ஒரு பல்கலைக்கழகம் முறைப்படி ஆராயத் தொடங்கியது 1916இல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், கேள்விப் பட்டியலைக் கொடுத்துத் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1918இல் அது நூலாக வந்தது. அதில் ஒரு கிராமம் இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டம். அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு.

அந்த மாணவர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தொடர்புள்ள ஊர்களுக்கே போனார்கள். அன்று கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் ஊர்த்தெருவில் நின்றபடி சேரியைப் பார்த்தார்கள். ஆனாலும் மறைக்க முடியாத ஒன்று பதிவாகிவிட்டது: படியாள் முறை. கல்யாணத்துக்கு வாங்கிய சின்னக் கடனுக்காகப் பெண்டு பிள்ளைகளோடு பண்ணையில் உழைப்பது, தகப்பன் அடைக்காத கடனுக்கு மகன் படியாளாவது. 'தமிழகத்தில் அடிமைமுறை இருந்ததே இல்லை' என்று இன்றும் பேசுகிறவர்களுக்கு இந்தப் பல்கலைக்கழக நூலையே நாம் காட்டலாம்.

அதே 1916இல் சிதம்பரத்தில் வேறொன்று நடந்தது. சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒரு பக்கம் நம்மைப் படியாட்களாக எண்ணினார்கள். மறுபக்கம் அவர் மாணவர்களாக எண்ணினார். பொருளாதார வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டாவது கணக்கை ஏனோ சேர்ப்பதில்லை.

இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும், 1981இல் குஹனும் ஜோன் மெஞ்சரும், 2008இல் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். 1981இலும் பெருநிலம் ஒரு சில கைகளில்தான். 2008இல் பண்ணையின் அதிகாரம் தளர்ந்திருந்தது, தலித் மக்கள் அதை நம்பியிருப்பது குறைந்திருந்தது. நிலம் பங்கிடப்பட்டு வந்த விடுதலை அல்ல இது. வெளிவேலை, ரேஷன் அரிசி, படிப்பு ஆகியவற்றின் வழியாக வந்தது. அதாவது பண்ணையார் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, நாம்தான் விலகி நடந்தோம்.

கடலூர் மாவட்டத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் 26 லட்சம் பேரில் 29.3 விழுக்காடு பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடுதான். துணைத்திட்ட நிதி மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. 2021இல் கணக்கெடுப்பே நடக்காததால் அந்தப் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். நம் விகிதம் கூடியிருந்தால், பழைய எண் என்றால் குறைந்த நிதி என்று விளக்க வேண்டுமா?

சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2013இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. இன்று அங்கே சேரிகளிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் படிக்கிறார்கள். ஸ்லேட்டர் செய்ததுபோல அவர்களையும் அவரவர் ஊருக்கு அனுப்பட்டும். சேரியில் நின்று ஊரைப் பார்த்து அவர்கள் கேட்கட்டும்: இங்கே பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இப்போது யார் பெயரில் பட்டா?