பாட்டைக் காதில் சேர்க்க என்ன செலவு?

1914-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரில் ஜெரோம் ரெமிக் என்பவரின் இசைப் பதிப்பகத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். வாரச் சம்பளம் 15 டாலர். அன்று பாட்டு என்றால் பெரும்பாலும் இசைக்குறிகள் அச்சிட்ட தாள்; வீட்டில் பியானோ உள்ளவர்கள் அதை வாங்கி வாசித்துக்கொள்வார்கள். நாடகக் கொட்டகைப் பாடகர்கள் பதிப்பகத்திற்கு வருவார்கள். அவர்களுக்குப் பதிப்பகத்தின் புதுப் பாட்டுகளை நாள் முழுதும் வாசித்துக் காட்டி, “இதை மேடையில் பாடுங்கள்” என்று மனம் இசையச் செய்ய வேண்டும். அதுதான் பையனின் வேலை. பெயர் ஜார்ஜ் கெர்ஷ்வின். பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவராக விளங்கினார்.

அந்த 15 டாலர் எதற்காகக் கொடுக்கப்பட்டது? பாட்டை இயற்றுவதற்கு அன்று. தாளை அச்சிடுவதற்கும் அன்று. பாட்டைக் கேட்கும் காதுகளில் கொண்டு சேர்ப்பதற்காக. இசைத்தட்டு நிறுவனங்களின் கணக்கில் இந்தச் செலவு அன்றிலிருந்து இன்றுவரை தனி வரியாக இருந்து வருகிறது. கணிப்பொறியும் இணையமும் வந்த பிறகு இது மறைந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். மறைந்ததா? அமெரிக்காவின் கதையைப் பார்ப்போம். அங்குதான் இதற்கு நீதிமன்ற ஆவணங்களும் நாடாளுமன்ற விசாரணைகளும் உள்ளன.

வானொலி வந்தபின் தாள் போய்த் தட்டு வந்தது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. வானலை வழியாக ஒலிபரப்பும் நிலையம் ஓர் இசைத்தட்டைப் போட்டால் பாட்டை இயற்றியவருக்குப் பணம் தர வேண்டும். ஆனால் பாடியவருக்கும் தட்டை வெளியிட்ட நிறுவனத்திற்கும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. இன்றும் அப்படித்தான். ஆகவே நிறுவனத்தின் கண்ணில் வானொலி ஒரு விளம்பரப் பலகை. ஆனால் பலகையில் இடம் எவ்வளவு? ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். அதிலும் புகழ்பெற்ற நாற்பது பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும் நிலையங்களில், வாரத்திற்கு ஒரு சில புதுப் பாட்டுகளுக்கே இடம் கிடைக்கும். வந்து குவியும் தட்டுகளோ மிகப் பல. இடம் குறைவு, கேட்பவர் அதிகம் என்றால் அங்கே விலை முளைக்கும் அல்லவா? முளைத்தது.

தட்டைப் போடும் அறிவிப்பாளருக்கு இரகசியமாகக் கொடுக்கப்பட்ட பணத்திற்குப் ‘பேயோலா’ என்று பெயர் வந்தது. பணம் கொடுத்தலைக் குறிக்கும் ‘பே’ என்ற சொல்லும், ‘விக்ட்ரோலா’ என்ற கிராமபோன் பெட்டியின் பெயரும் சேர்ந்து உண்டான சொல் என்பர். 1959, 1960 ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. ‘ராக் அண்டு ரோல்’ இசையைப் பரப்பிய ஆலன் ஃப்ரீட் என்ற அறிவிப்பாளர் 1959 நவம்பரில் வேலையை இழந்தார். 1962-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் 300 டாலர்தான். ஆனால் வாழ்க்கை அத்துடன் சரிந்தது. 1965-இல், 43-ஆம் வயதில் இறந்தார்.

1960-இல் வந்த சட்டத் திருத்தம் என்ன சொல்லிற்று என்பதைக் கவனியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பாட்டைப் போடக் கூடாது என்று அது சொல்லவில்லை. பணம் வாங்கியிருந்தால் அதைக் கேட்போருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. மறைத்தால் 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இந்த நுணுக்கம் கட்டுரையின் கடைசியில் நமக்கு வேண்டியிருக்கும்.

சட்டம் வந்தது, வழியும் மாறியது. நிறுவனங்கள் நேரே பணம் கொடுப்பதை விட்டு, ‘சுயேச்சை விளம்பர முகவர்’ என்ற இடையாட்களை வைத்துக்கொண்டன. முகவருக்குக் கட்டணம் கொடுப்பது சட்டப்படி சரி. முகவர் அந்தப் பணத்தை என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டணத்திற்கு உண்மையிலேயே பயன் உண்டா? 1980-இல் ஒருவர் சோதித்துப் பார்த்தார். ஃபிரடெரிக் டானன் எழுதி 1990-இல் வந்த ‘ஹிட் மென்’ என்ற நூலில் அந்தச் செய்தி உள்ளது. சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் உயர் அதிகாரி டிக் ஆஷர், முகவர்களுக்குப் போகும் தொகையைக் கண்டு திகைத்தார். அப்போது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி வால்’ இசைத்தொகுப்பு விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர்களுடைய கச்சேரிகளுக்குச் சீட்டுகள் அனைத்தும் விற்றுவிட்டன. இதைவிடப் பலமான பாட்டு வேண்டுமா? அந்த ஒரு நகரில் மட்டும் முகவர்களுக்குப் பணம் கொடுக்காமல் நிறுத்திப் பார்த்தார் ஆஷர். ஊரே கச்சேரிக்குத் திரண்டது. ஊரின் பெரிய நிலையங்களோ அந்தப் பாட்டைத் தொடவில்லை. குழுவின் தரப்பிலிருந்து நெருக்கடி வந்தது, பணம் கொடுக்கப்பட்டது, பாட்டு ஒலித்தது.

ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு விதி எழுத என் மாணவர்களை நான் விடுவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்ப்பதுதான் சோதனைச் சாலையின் முறை. ஒரு வணிகர் அறிந்தோ அறியாமலோ அதைச் செய்திருக்கிறார். அந்த அளவில் இதை மதிக்கலாம். மறு ஆண்டு சிபிஎஸ், வார்னர் ஆகிய இரண்டு நிறுவனங்களும் முகவர்களை விலக்கிப் பார்த்தன; மற்ற நிறுவனங்கள் கூடவில்லை; முயற்சி கலைந்தது. 1986-இல் தொலைக்காட்சிச் செய்தி ஒன்று விவகாரத்தைக் கிளப்பியது. 2005, 2006 ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் நடத்திய விசாரணையில் சோனி பிஎம்ஜி 1 கோடி டாலரும், வார்னர் 50 லட்சம் டாலரும், யுனிவர்சல் 1 கோடியே 20 லட்சம் டாலரும் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

தட்டும் தபாலும்

இதுவரை பார்த்தது கவனத்தைப் பெறும் செலவு. அதற்கு முன்பே இன்னொரு செலவு உண்டு: பாட்டைப் பொருளாக நிலையத்தின் வாயிலில் வைக்கும் செலவு. தட்டு அடிக்க வேண்டும், உறை போட வேண்டும், தபால் தலை ஒட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு தட்டுக்கு 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 600 நிலையங்களுக்கு 1,200 டாலர். 5,000 பேருக்கு 10,000 டாலர். செலவு ஆள் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது.

இணையத்தில் அனுப்பினால் என்ன? 1990-களில் இது நடவாத காரியமாகத் தோன்றியது. காரணத்தைக் கணக்கில் பாருங்கள். குறுந்தட்டில் விநாடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு எடுக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளால் எழுதப்படுகிறது. இடது, வலது என இரண்டு தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட்டுகள். நான்கு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 33 கோடியே 87 லட்சம். அன்றைய தொலைபேசிக் கம்பியில், நல்ல கருவி இருந்தால், விநாடிக்கு 28,800 பிட்டுகள் போகும். அப்படியானால் ஒரு பாட்டு போய்ச்சேர 3 மணி 16 நிமிடம்!

ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் ‘எம்பி3’ முறையை உருவாக்கி, இந்தச் சுமையைப் பதினொன்றில் ஒரு பங்காக்கினார்கள். எப்படி? பறை முழங்கும்போது பக்கத்தில் பேசுவது கேட்பதில்லை. அதுபோல, பலத்த ஒலி ஒன்று அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் காதிலிருந்து மறைத்துவிடுகிறது. மறைந்து போகும் ஒலியை எழுதிவைத்து என்ன பயன்? அதை விட்டுவிடலாம். விநாடிக்கு 1,28,000 பிட்டுகள் போதும் என்றாகிவிட்டது. அதே கம்பியில் பாட்டு 18 நிமிடத்தில் போய்விடும். முறையைச் சோதிக்கச் சூசன் வேகாவின் இசைக்கருவி இல்லாத ஒரு பாட்டைப் பயன்படுத்தினார்கள். தனிக் குரலில் குறை எளிதில் தெரிந்துவிடும் அல்லவா? 1995-இல் கோப்புகளுக்கு ‘எம்பி3’ என்ற வால்பெயர் அமைந்தது.

இதன் மேல் எழுந்தவைதான் மின்னணு விநியோகச் சேவைகள். கனடாவில் டொரான்டோவின் யாங்காரூ, வான்கூவரின் டெஸ்டினி மீடியா ஆகிய நிறுவனங்கள் முன்னோடிகள். டெஸ்டினியின் சேவைக்கு ‘பிளே எம்பிஇ’ என்று பெயர். வெளியாகாத பாட்டை மறைகுறியாக்கி, வானொலி நிலையங்களுக்கும் விமரிசகர்களுக்கும் அனுப்புவது இவற்றின் தொழில். யார் திறந்தார், யார் திறக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். தபாலில் அது தெரியாது; உறை பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போன தட்டுகள் எத்தனையோ!

இங்கே ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. அனுப்பும் ஒவ்வொரு பிரதியிலும், பெறுபவரைக் காட்டும் எண் ஒன்று ஒலிக்குள்ளேயே மறைத்து வைக்கப்படுவதுண்டு. ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் அதே பெயர்தான். காதுக்குக் கேட்காததை எடுத்துவிடுகிறது எம்பி3; காதுக்குக் கேட்காததைச் சேர்த்துவிடுகிறது நீர்க்குறி. இரண்டுக்கும் ஆதாரம் ஒலிமறைப்பு என்ற ஒரே குணம். பாட்டு வெளியே கசிந்தால் எந்தப் பிரதி என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் எம்பி3 சுருக்கும்போது நீர்க்குறியையும் சேர்த்து எறிந்துவிட்டால்? எறியாதபடி அமைப்பதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது.

தட்டில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. யுனிவர்சல் நிறுவனம் ‘விளம்பரத்திற்கு மட்டும், விற்பனைக்கு அன்று’ என்று அச்சிட்டு அனுப்பிய தட்டுகளை டிராய் அகஸ்டோ என்பவர் இணைய ஏலத்தில் விற்றார். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கேளாமலே அனுப்பிய தட்டு பெற்றவருக்கே சொந்தம், அது கைமாறி வந்தவர் விற்கலாம் என்று 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தட்டைக் கைவிட இதுவும் ஒரு காரணம் ஆயிற்று எனலாம்.

ஆக, கொண்டு சேர்க்கும் செலவு சரிந்தது. 600 பேருக்கு அனுப்புவதும் 6,000 பேருக்கு அனுப்புவதும் சேவை நடத்துபவருக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கட்டணம் வாங்குவது பட்டியலுக்காகவே தவிரக் கம்பிக்காக அன்று. இதே வசதி எல்லாருக்கும் கிடைத்ததுதான் அடுத்த சிக்கல். 2022-இல் இசைத்துறைத் தலைவர்கள் சொன்ன கணக்குப்படி, இணைய இசைச் சேவைகளுக்கு நாள்தோறும் வந்து சேர்ந்த புதிய பாட்டுகள் ஒரு லட்சம். பாட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் 5,000 மணி நேரம். ஒரு நாள் வரவைக் கேட்டு முடிக்க, உறங்காமல் 208 நாள் வேண்டும்! இதில் உங்கள் பாட்டை யார் கேட்பது?

எந்தக் கட்டணம் மலிவு?

சிறிய இசை நிறுவனம் ஒன்று நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவர் ஒருவர் 300 டாலர் முன்பணம் கேட்கிறார். மறுபக்கம், ஸ்பாட்டிஃபை 2020 நவம்பரில் அறிவித்த ‘டிஸ்கவரி மோட்’ என்ற திட்டம் உள்ளது. அதில் முன்பணம் இல்லை. கணிப்பொறி தானாகப் பாட்டுத் தேர்ந்து போடும் இடங்களில் உங்கள் பாட்டுக்கு வாய்ப்புக் கூடும். அங்கே கிடைக்கும் ஒலிப்பதிவு வருவாயில் நூற்றுக்கு 30 பிடித்துக்கொள்வார்கள். எது மலிவு?

அந்த இடங்களில் வருவாய் 1,000 டாலரைத் தொட்டால் இரண்டு செலவும் சமம். ஒரு தடவை கேட்டால் 0.3 சென்ட் என்று கொண்டால், அதற்கு 3,33,000 தடவைக்கு மேல் கேட்கப்பட வேண்டும். அவ்வளவு எட்டாதவருக்குப் பங்கு முறையே மலிவாகத் தோன்றும். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. முன்பு 100 டாலர் வந்த இடத்தில் இப்போது 70 டாலரே வரும். பழைய 100 டாலரை மீட்கவே கேட்பது 43 சதவீதம் கூட வேண்டும். அதற்கு மேல் கூடுவதுதான் ஆதாயம். விலை பேசும்போது இந்த 43-ஐ யாரும் முதலில் சொல்வதில்லை.

எல்லா நிறுவனங்களும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? தேர்த் திருவிழாவில் முன்னால் நிற்பவர் பிள்ளையைத் தோளில் தூக்கினால் அந்தப் பிள்ளைக்குத் தேர் நன்றாகத் தெரியும். எல்லாரும் தூக்கினால் பழைய நிலைதான். தோள்வலி மட்டும் மிச்சம். 2021 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜெரால்ட் நாட்லரும் ஹாங்க் ஜான்சனும் ஸ்பாட்டிஃபை நிறுவனத்திற்கு எழுதிய கடிதத்தில் எழுப்பிய கவலையும் இதுவே. திட்டத்தின் பயன் கலைஞர்களுக்கு உண்டு என்பது நிறுவனத்தின் வாதம்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது: “இத்தனை லட்சம் தடவை கேட்கவைக்கிறோம், உறுதி” என்று மலிவு விலை சொல்பவர்கள். பல வேளைகளில் கேட்பவை காதுகள் அல்ல, எந்திரங்கள். இதுவே மிகவும் விலை உயர்ந்தது. பிடிபட்டால் அந்த எண்ணிக்கைக்கு வருவாய் இல்லை, பாட்டே நீக்கப்படலாம், 2024 முதல் ஸ்பாட்டிஃபை, அப்பட்டமான மோசடி தெரிந்தால் வெளியிட்ட நிறுவனத்தின் மீது பாட்டு வாரியாகத் தண்டத் தொகையும் விதிக்கிறது. அதே ஆண்டிலிருந்து இன்னொரு விதியும் வந்தது: பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு வருவாயே கிடையாது. சிறியவர்கள் மலிவுக்காரரைத் தேடிப் போவதற்கு இந்த விதியும் ஒரு தூண்டுதல் ஆகக்கூடும் என்பது என் கருத்து.

இனி 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வருவோம். வானொலி நிலையம் பணம் பெற்றுப் பாட்டைப் போட்டால் கேட்போருக்கு அறிவித்தாக வேண்டும் என்றது அது. அந்தச் சட்டம் ஒலிபரப்பு நிலையங்களுக்காக எழுதப்பட்டது. இணையத்தில், முப்பது சதவீதம் விட்டுக்கொடுத்த பாட்டு ஒன்று உங்கள் காதில் ஒலிக்கும்போது, அப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.