குளித்தலையிலிருந்து டெல்லி வரை: ஒரு வேதியியல் பேராசிரியர்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது, என் வீட்டுச் சங்கதியிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது. இஞ்சினீயரிங் சீட் கிடைத்தும் என் மகன் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேதியியலைத் தேர்ந்தெடுத்தான். "கெமிஸ்ட்ரி படிச்சு வாத்தியாராவா ஆகப்போறே?" என்று சத்தம் போட்டேன். "அந்த டிபார்ட்மென்ட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே நம்ம ஊர் வாத்தியார்தாம்ப்பா" என்றான். யாரென்று தேடிப் படித்தேன்.

டி. ஆர். சேஷாத்ரி. 1900 பிப்ரவரி 3ல் காவிரிக் கரைக் குளித்தலையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சியின் அரிச்சுவடியைக் கற்றுத் தந்தவர் பி. பி. டே என்ற வங்காளி. பிறகு மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் முனைவர் பட்டம். ஆஸ்திரியாவில் பிரெகலிடம், சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே பகுத்தாயும் நுண்முறைப் பயிற்சி.

1933ல் ஆந்திரப் பல்கலைக்கழகம், வால்டேர். பெரிய பரிசோதனைக் கூடம் இல்லாத இடத்தில் மாணவர்களுக்கு எதைக் கொடுத்து ஆராயச் சொல்வது? சுற்றிலும் கிடைத்ததையே கொடுத்தார்: பருத்திப் பூ, புங்க விதை, நம் சமையலறைக் கல்பாசியின் இனமான லைக்கன்கள். பூவின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான ஃபிளவோன்களைப் பிரித்தெடுத்து, அமைப்பைக் கண்டுபிடித்து, பின் கூடத்திலேயே தயாரித்துச் சரிபார்ப்பது அவர் வழி. 1942ல் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அந்தப் போர்க்காலத்தில் பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. ஆராய்ச்சி மட்டும் நின்றுவிடவில்லை.

1949ல் டெல்லிக்கு வந்து வேதியியல் துறைத் தலைவரானார். 1960ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963ல் பத்மபூஷண். அவரிடம் ஆராய்ந்து முனைவர் ஆனவர்கள் நூற்றுக்கும் மேல். 1975ல் காலமானார்.

இதில் என்னைத் தொட்டது ஒன்றுதான். வங்காளி ஒருவர் தமிழ்ப் பையனுக்குக் கற்றுக் கொடுத்தார். அந்தத் தமிழர் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் டெல்லிப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார். பிழைக்க வந்த ஊரிலிருந்து என்ன கொண்டு போகலாம் என்றே நாம் கணக்குப் பார்க்கிறோம். அவர் விட்டுச் சென்றதைப் பாருங்கள்.

மகனிடம் "உன் இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் வாத்தியாராகணும் என்று சொன்னால், தயவுசெய்து என்னைப் போலச் சத்தம் போடாதீர்கள்.