உபகாரச் சம்பளம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, அருவி காணும் ஆவலில் விரைவோர் கண்ணில் படாமலே நின்றுவிடும் ஊர் மேலகரம். ஆயினும் தமிழ் பயின்றோர் அந்த ஊரை அறிவர். ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’ பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர், அந்நூலின் நயத்தில் மயங்கிக் கவிராயருக்கு நன்செய் நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்ற பெயர் நிலைத்தது.

கவிராயர் பெற்றதில் நமக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சியே! கவிதை பாடியவன் கஞ்சிக்கு அலையக்கூடாது. ஆனால், வரலாறு படித்த நமக்குள் ஒரு கேள்வி எழுகிறது. குறவஞ்சி மேட்டில் இறங்கி ஏர் பிடித்தவன் யார்? நாற்று நட்டவள் யார்? அவர்கள் கூன் விழுந்து, கண் மங்கி, கதிர் அறுக்க இயலாத காலம் வந்தபோது, அவர்களுக்கு எந்த மன்னன் எந்த மேட்டை எழுதி வைத்தான்?

கல்வெட்டுகளைக் காண்மின்! கோயிலுக்குத் தேவதானம், வேதம் ஓதியோருக்குப் பிரமதேயம், போரில் மாண்ட வீரனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி. வாங்கியவன் மட்டுமல்ல, அவன் கொள்ளுப்பேரனும் முதுமையை எண்ணிக் கலங்காதபடி, சந்திர சூரியர் உள்ளளவும் என்று எழுதிக் கொடுத்தார்கள். உழுதவனுக்கோ எழுதிக் கொடுக்கப்பட்டது ஒன்றுமில்லை. சொல்லிக் கொடுக்கப்பட்டதுதான் உண்டு. ‘பெற்ற பிள்ளை காப்பான்’ என்றார்கள். பிள்ளை இல்லையெனில், அல்லது இருந்தும் இல்லாதவன் ஆனால், ‘தலையெழுத்து’ என்றார்கள். எல்லாம் தொலைந்த பின் ‘காசிக்குப் போ’ என்றார்கள். வடகாசி தொலைவு என்று கருதியோ என்னவோ, 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் இங்கேயே ஒரு காசியை எழுப்பிவிட்டார். போய்ச் சேர வழி பிறந்தது. வயிற்றுக்கு வழி பிறக்கவில்லை.

முதுமைக்குச் சோறு என்பது கொடுப்பவன் மனத்தில் சுரக்கும் கருணையா, உழைத்தவன் கேட்டுப் பெறும் கடனா? ஓய்வூதியத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வழக்குத்தான். நம் மொழியிலேயே அதன் தடம் பதிந்திருக்கிறது. ‘பென்ஷன்’ என்ற சொல் இங்கு வந்தபோது நம்மவர் அதற்கு இட்ட பெயர் ‘உபகாரச் சம்பளம்’. உபகாரம்! மனம் இருந்தால் செய்வார்கள். இல்லையேல் கையை விரிப்பார்கள். இலத்தீன் மூலச் சொல்லுக்கோ எடை போடுவது, எடை போட்டுச் செலுத்துவது என்பதே பொருள். கணக்காகத் தரவேண்டியது கடல் கடந்து வந்ததும் கருணையாக மாறிவிட்டது.

அந்த உபகாரத்தை முதலில் பெருந்தொகையாகப் பெற்றவர்கள் யார் தெரியுமோ? மணிமுடி இழந்த மன்னர்கள்! 1799இல் தஞ்சை நாட்டைக் கும்பினியிடம் ஒப்படைத்த சரபோசிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் என்று உடன்படிக்கை. 1801இல் ஆர்க்காட்டு நவாபுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. ஆட்சியைக் கொடு, அலவன்சை வாங்கு, வாயைத் திறவாதே என்பதே அதன் உட்பொருள். 1855இல் தஞ்சையின் கடைசி மன்னர் ஆண்வாரிசின்றி மறைந்ததும், கும்பினி அரண்மனைச் செல்வத்தின்மீதும் கை வைத்தது. அரசி காமாட்சி பாய் வழக்கிட்டார். சென்னை நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. இலண்டன் பிரிவி கவுன்சிலோ, 1859இல், இது அரசுச் செயல். இதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று கதவடைத்தது. அரசிக்கே இந்தக் கதி என்றால், அன்னக்காவடிக்கு என்ன கதி!

பிறகு அதையே பொதுச் சட்டமாக்கினார்கள். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், அரசு வழங்கும் ஓய்வூதியம் குறித்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்றது. கலெக்டரிடம் சான்று பெற்றாலன்றி வாசற்படி ஏறலாகாது. ஒரே ஒரு நன்மை அதில் உண்டு. கடன் கொடுத்தவன் கிழவனின் ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய இயலாது. அந்தப் பிரிவை எழுதியவர் யாராயினும் வாழ்க!

இதே காலத்தில் மேலைநாட்டில் வேறொரு சிந்தனை விதையாகிக் கிடந்தது. ‘பகுத்தறிவின் காலம்’ எழுதி மதபீடங்களை நடுங்க வைத்த தாமஸ் பெயினை நம் தோழர்கள் அறிவர். ஆனால் அதே பெயின் கணக்குப் போட்ட கதையை அறிந்தவர் சிலரே. 1792இல், ‘மனித உரிமைகள்’ நூலின் இரண்டாம் பகுதியில், ஐம்பது வயதைக் கடந்த ஏழைக்கு ஆண்டுக்கு 6 பவுன், அறுபதைக் கடந்தால் 10 பவுன் என்று திட்டம் தீட்டினார். இது பிச்சையன்று, வாழ்நாளெல்லாம் அவன் கட்டிய வரியின் திரும்புகை என்று வாதாடினார். ஆண்டு முடிவதற்குள், அந்த நூலுக்காக அவர் இல்லாத இடத்திலேயே அவர்மீது அரசத் துரோக வழக்கு நடத்திக் குற்றவாளி என்று தீர்த்தது இங்கிலாந்து. அவர் ஓய்ந்தாரில்லை. 1797இல் இன்னும் ஒரு படி மேலே போய், நிலம் எல்லார்க்கும் பொதுச் சொத்து, அதை வளைத்துக் கொண்டவர்கள் சமுதாயத்துக்கு வாடகை தரக் கடன்பட்டவர்கள் என்று கூறி, ஐம்பது வயதான ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 10 பவுன் தர ஒரு நிதியை வகுத்தார். அதற்கு வருவாய், இறந்தோர் விட்டுச்செல்லும் சொத்தின்மீது வரி. குறவஞ்சி மேட்டின் கேள்விக்கு முதல் விடை அங்கே எழுதப்பட்டது என்போம்.

அந்த விடையைச் சட்டமாக்க ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. 1889இல் செருமனியில் பிஸ்மார்க் முதுமைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். ஏழைமேல் இரக்கமா? 1878இல் சமதர்மக் கட்சியினரைச் சட்டம் போட்டு ஒடுக்கியவர் அவர். அடக்குமுறையால் அணைக்க முடியாத தீயை ஊதியத்தால் அணைக்கப் பார்த்தார். எழுபது வயதில் ஓய்வூதியம் என்றார். எழுபதைத் தொட்ட தொழிலாளர் எத்தனை பேர் அன்று! 1916இல்தான் அது அறுபத்தைந்து ஆயிற்று. பிரிட்டன் 1908இல் சட்டமியற்றி, எழுபது வயதானோர்க்கு வாரம் 5 ஷில்லிங் தந்தது. அதற்கும் ஒழுக்கச் சோதனை வைத்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1952இல் தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு. சேமிப்பு என்பது தனி மனிதனின் சிக்கனம் மட்டுமல்ல, வேலை வாங்கியவனின் பொறுப்புங்கூட என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது. ஆசிரியர்களைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். நம் குலத்தொழில் அல்லவெனினும் நாம் ஏற்ற தொழில் அது! அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் உண்டு. அதே பாடத்தை அடுத்த தெருவில் உள்ள உதவிபெறும் பள்ளியில் நடத்தியவருக்கு வைப்புநிதியோடு சரி. ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953இல், ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு மூன்றும் இணைந்த திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1955இல் சென்னை மாநிலம் அதை நடைமுறைப்படுத்தியது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்து, கடைசியில் அந்தப் பிள்ளைகளின் திண்ணையிலேயே கஞ்சிக்குக் காத்திருந்த வாத்தியார்களின் காலம் அத்துடன் முடியத் தொடங்கியது.

எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதோர்க்கு 1962 ஏப்ரல் முதல் நாள் ஒரு கதவு திறந்தது. ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபாய். ஆதரிக்கப் பிள்ளையோ உற்றாரோ இல்லாதவர்க்கே அது. ‘பெற்ற பிள்ளை காப்பான்’ என்ற பழைய பாடம் சட்டத்தின் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது! ஆயினும், அஞ்சல்காரர் தம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணிக் கொடுத்த இருபது ரூபாய், கைம்மண்டை ஏந்திப் பெற்ற இருநூறினும் பெரிது என்போம். பின்னர்க் கைம்பெண்களும், உடற்குறை உடையோரும், உழவுத் தொழிலாளரும், கணவனால் கைவிடப்பட்டோரும் ஒவ்வொரு பிரிவாகச் சேர்க்கப்பட்டனர். 2011இல் தொகை 1,000 ரூபாய், 2023இல் 1,200.

‘உபகாரம்’ என்ற சொல்லுக்குச் சாவுமணி அடித்தது நீதிமன்றம். 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், ஓய்வூதியம் அரசின் கருணையன்று, ஊழியரின் உடைமை என்றது உச்ச நீதிமன்றம். 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கு. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றவருக்கு ஒரு நீதி, பின் ஓய்வு பெற்றவருக்கு ஒரு நீதி என்று பிரித்த அரசாணையை அது செல்லாததாக்கியது. ஓய்வூதியம் ஆண்டவனின் அருளுமன்று, ஆள்வோரின் அருளுமன்று. ஆற்றிய பணிக்கு நிலுவையில் நின்ற கூலி என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஓய்வூதியர் ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடுவது ஏன் என்று இப்போது விளங்கும்.

வென்ற கோட்டையில் விரிசல் விழுந்த கதையும் உண்டு. 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோரைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தனர். ஊதியத்தில் நூற்றுக்குப் பத்துப் பிடித்தம், அரசும் அதற்கு ஈடு. தருவது என்ன என்பது திட்டவட்டம். பெறுவது என்ன என்பதோ வெட்டவெளி! மைய அரசு 2004 தொடக்கத்தில் இவ்வழியே வந்தது. பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பக் கேட்டு அந்த 2003 சூலையில் ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்டு 6இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. ஓய்வூதியம் உரிமை என்று உரைத்த அதே மன்றந்தான்! 2024 ஆகஸ்டில் மைய அரசு, தன் ஊழியருக்கு 25 ஆண்டுப் பணிக்குக் கடைசி ஓராண்டு அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி என்று மீண்டும் ஓர் உறுதியை அறிவிக்க நேர்ந்தது.

சம்பளப் பட்டியலில் பெயருள்ள நம் போன்றோரின் கதை இத்துடன் இருக்கட்டும். மேலகரம் முதல் கடையநல்லூர் வரை, ஆலங்குளம் முதல் மேலப்பாளையம் வரை, மடியில் சுளகு வைத்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் பெண்களின் கதைதான் இவ்வரலாற்றின் உரைகல். வீட்டுத் திண்ணையே தொழிற்சாலை. ஆலைச் சங்கு இல்லை. ஆதலால் ஓய்வு நாளும் இல்லை. 1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. 1977இல் வைப்புநிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கும் நீட்டப்பட்டது. உடனே முதலாளிமார் உச்ச நீதிமன்றப் படியேறினர். ‘அவர்கள் தம் வீட்டில் சுற்றுகிறார்கள், நாங்கள் மேற்பார்வை பார்ப்பதில்லை, ஆகவே அவர்கள் எங்கள் தொழிலாளரல்லர்’ என்பது அவர்தம் வாதம்.

பீடிக்கடையில் நடப்பது என்ன? பெண் கொண்டுபோகும் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். இது மெலிவு, அது தளர்வு என்று ஒரு கைப்பிடி கழித்துத் தள்ளுவார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. அந்தக் கணத்தில் அவள் கண்ணில் நீர் முட்டும். பி. எம். பட்டேல் நிறுவன வழக்கில், 1985இல், உச்ச நீதிமன்றம் அதே கழித்துத் தள்ளும் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டது. பொருளை ஏற்பதும் மறுப்பதும் உன் கையில் என்றால், அதுவே கட்டுப்பாடு, அதுவே மேற்பார்வை. ஆகவே வீட்டில் சுற்றுபவளும் உன் தொழிலாளியே என்று தீர்ப்பளித்தது. அவளை வருத்திய கோலே அவளுக்கு ஊன்றுகோல் ஆயிற்று. நாம் படித்த தீர்ப்புகளில் இதனினும் இனியது வேறில்லை.

தீர்ப்பு இனிது, கணக்கு கசப்பு. 1995 நவம்பரில் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்தில், முதலாளி பங்கிலிருந்து நூற்றுக்கு 8.33 ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. பத்தாண்டுப் பணி இருந்தால், 58 வயதில் ஓய்வூதியம். சராசரி ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கவேண்டும். மாதம் 5,600 ரூபாய் என்ற கணக்கில் பதினைந்து ஆண்டு பதிவான பெண்ணுக்கு, மாதம் 1,200 ரூபாய். 2023இல் ஆதரவற்றோர்க்கு அரசு நிர்ணயித்த அதே தொகை! பதினைந்தாண்டு இடுப்பொடிய இருந்து சுற்றிய உரிமையும், ஒன்றுமில்லாதவர்க்குத் தரும் உதவியும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. குறைந்த அளவு என்று 2014இல் விதித்ததோ 1,000 ரூபாய்தான்.

அதையும் எத்தனை பேர் எட்டுகின்றனர்? ஒருத்தி பெயரில் உள்ள பாஸ் புத்தகத்தில் தாயும் மகளும் மருமகளும் சுற்றிய பீடி ஏறுவதுண்டு. கைகள் ஆறு, கணக்கு ஒன்று. சில வீடுகளில் அந்த ஒரு புத்தகமும் கிடையாது. இன்னொரு இடர், நாமே நமக்கு இழைத்துக்கொள்வது. மகள் திருமணம் வருகிறது. சீர், செனத்தி, நகை, பந்தல். ஒன்பதாம் ஆண்டில் வேலையை விட்டதாக எழுதிக்கொடுத்து, வைப்புநிதியோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிடுகிறார்கள். இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் சாகும்வரை மாதந்தோறும் வந்திருக்கும் பணம், மூன்று நாள் விருந்தில் கரைகிறது. சடங்குச் செலவைச் சாடும் நாம், அது ஒரு தாயின் முதுமையைத்தான் விலையாகக் கேட்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரைதான் சேரலாம். அந்த வாசலும் நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இல்லை. ஆகவே, திருமணமாகாத தங்கைகளிடம் இதை இப்போதே பேசுங்கள்.

படிப்பகங்களில் கூடும் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். தெருவில் உள்ள பாஸ் புத்தகங்களை வாங்கிப் பாருங்கள். பெயர் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கும். தந்தை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கணவன் பெயர் இருக்கும். அவை திருத்தக் கூடியவை. வயதுதான் பெருஞ்சிக்கல். 58 என்று நிறுவினாலன்றி அலுவலகம் அசையாது. வீட்டில் கேட்டால் சாதகக் கட்டை எடுத்து வருகிறார்கள். அதில் நட்சத்திரம் இருக்கிறது, இலக்கினம் இருக்கிறது, செவ்வாய் எங்கே நின்றது என்பதுகூட இருக்கிறது. ஆண்டு என்று பார்த்தால் ‘விய’ என்றிருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் எந்த விய? பள்ளிப் படி மிதித்தவளாயின், இரண்டாம் வகுப்போடு நின்றவளானாலும், சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த நாள் ஆண்டோடு எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதிவேடுகள் நம் பள்ளி அலமாரிகளில்தான் இருக்கின்றன. ஆண்டும் வகுப்பும் சொல்லிக் கேளுங்கள். தூசி தட்டி எடுத்துப் படி எழுதித் தருவது நம் வேலை.