மணியாச்சித் தோட்டாவும் சேரன்மாதேவிப் பந்தியும்

பத்தமடை என்றதும் எல்லோருக்கும் பாய்தான் நினைவுக்கு வரும். தாமிரபரணிக் கோரையை ஊறவைத்து, கிழித்து, சாயம் ஏற்றி, பட்டுப்போல நெய்து தருகிற லெப்பைமார் வீட்டுப் பெண்களின் உழைப்பு அது. அந்த ஊரிலிருந்து மேற்கே பேருந்து ஏறினால் கால் மணி நேரத்துக்குள் சேரன்மாதேவி. அங்கேதான் வ.வே.சு. ஐயரின் குருகுலம் நடந்தது. பந்தியில் பிராமணப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்த குருகுலம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது ஒரு பாடம்.

வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவரும் அதே வ.வே.சு. ஐயர்தான். அது வேறொரு பாடத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து யாரும் சொல்லித் தருவதில்லை. நாம் வைத்துப் பார்ப்போம். அதற்கு முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும்.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பு. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ், மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். கொடைக்கானலில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பயணம். செங்கோட்டை வாஞ்சி பெட்டிக்குள் ஏறி, மிக அருகிலிருந்து சுடுகிறார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, தன் வாயில் தானே சுட்டுக்கொண்டு இறக்கிறார். ஆஷ் திருநெல்வேலிக்குத் திரும்பக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனார். வாஞ்சியின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி.

அந்தக் காலத்தில் பிரவுனிங் என்பது ஒரு பெயரல்ல, ஒரு வகை. ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைக்க, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1900 வாக்கில் விற்கத் தொடங்கிய சிறிய, தட்டையான, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியாது. அதற்கு முன்பிருந்த ரிவால்வர்களில் உருளை புடைத்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும். 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவைக் கொன்றதும், 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமியைக் கொன்றதும் இந்தப் பிரவுனிங்தான். அதே 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரவுனிங்குகளைப் பெட்டிக்குள் ஒளித்து இந்தியாவுக்கு அனுப்பினார். டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் அவற்றில் ஒன்றுக்குப் பலியானார். அந்த லண்டன் இந்தியா ஹவுஸில் சாவர்க்கரின் வலக்கையாக இருந்தவர் வ.வே.சு. ஐயர். 1910இல் பிரெஞ்சு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

பிரவுனிங் சட்டைப்பை ரகங்களுக்கு 7.65 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர் என இரண்டு தோட்டாக்கள் இருந்தன. பெரியதான 7.65இன் குண்டு ஏறத்தாழ நாலரை கிராம்தான். பவுன் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்று அதிகம். விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போகும். அன்றைய பட்டாளத்துக்காரன் கையில் இருந்த .303 ரைபிள் குண்டோ பதினாலு கிராம், வேகம் இதைப்போல் இரண்டு மடங்கு. அதன் வலுவில் இது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே சட்டைப்பைத் துப்பாக்கிக்குத் தோட்டா தேர்வு செய்பவர் என்றைக்கும் சந்திக்கிற சிக்கல் ஒன்று உண்டு. முனை விரிந்து பெரிய காயம் உண்டாக்கும் குண்டு வேண்டுமா, விரியாமல் ஆழமாய்ப் போகும் உருண்டை முனைக் குண்டு வேண்டுமா? குழல் குட்டையாக இருப்பதால் வேகம் குறைவு. வேகம் குறைந்தால் விரிய வேண்டிய முனை விரியாமல் போகலாம். விரிந்தாலோ ஆழம் போதாமல் நின்றுவிடலாம். போதாததற்கு, தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் மழுங்கிய முனைத் தோட்டா வாயில் இடறும். உலோக உறை போட்ட உருண்டை முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பிரவுனிங் தன் துப்பாக்கியை இந்த உருண்டை முனைக்கென்றே வடிவமைத்தார்.

அடுத்தது நம்பகம். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை அடுத்ததைக் கொண்டுவரும். பிரவுனிங்கில் அப்படி இல்லை. வெடிக்காத தோட்டாவைக் கையால் இழுத்து வெளியே தள்ள வேண்டும். அதற்குள் கதை முடிந்திருக்கும். எண்ணெயில் ஊறிய தோட்டாவும் ஈரம் கண்ட தோட்டாவும் அடிப்பக்கத்துக் கேப்பைக் கெடுத்துக்கொண்டு கம்மென்று இருந்துவிடும். கடைக்குப் போய்ப் புதிது வாங்க முடியாத தலைமறைவுக்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கையில் இருக்கும் சிலவற்றில் எத்தனையைப் பழகிப் பார்ப்பதற்குச் செலவழிப்பது, எத்தனையை மிச்சம் வைப்பது? புதுச்சேரிக்குப் பக்கத்துக் கரடிக்குப்பத்தில் ஐயர் கொடுத்த பயிற்சியை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். மணியாச்சியில் பெட்டிக்குள்ளேயே ஏறிப் பக்கத்தில் நின்று சுட்டதற்கு வீரம் மட்டும் காரணமல்ல. அந்தச் சின்னக் குண்டுக்கு அதுதான் தூரம்.

விரியும் குண்டு பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இந்த மண்ணில் பிறந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் இருந்த ஆயுதச் சாலையில் 1890களில் வெள்ளைக்காரன் முனை மென்மையான குண்டைச் செய்தான். உடம்புக்குள் போய் மலரும். வடமேற்கு எல்லைப் பழங்குடிகள் சாதாரணக் குண்டு பட்டும் ஓடி வருகிறார்கள் என்பது காரணம். 1899இல் ஹேக் மாநாட்டில் அதைத் தடைசெய்யப் பேச்சு வந்தபோது பிரிட்டனின் சார்பில் வந்த ஜெனரல் ஆர்டா வாதாடினார்: நாகரிகமான சிப்பாய் குண்டு பட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழமாட்டான், எனவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும். ஆளுக்கொரு குண்டு! உடம்பைப் பிறப்பால் பிரித்து, ஒருவனுக்கு இவ்வளவு வலி போதும், இன்னொருவனுக்கு இது போதாது என்று சொல்லும் இந்தத் தர்க்கம் நமக்குப் பழக்கமானது. மனுதர்மம் தண்டனைகளைச் சாதிவாரியாக அளந்து கொடுத்ததும் இதே கணக்கில்தான். தடையைப் பிரிட்டன் ஒத்துக்கொள்ள 1907 ஆயிற்று.

இப்போது கலெக்டர் கதைக்கு வருவோம். ஒவ்வொரு ஜூன் 17க்கும் நம் தோழர்கள் ஒரு செய்தியைப் பரப்புகிறார்கள். பிரசவ வேதனையில் துடித்த சேரிப் பெண் ஒருவரை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி அக்கிரகாரத்து வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அந்த ஆத்திரத்தில்தான் வாஞ்சி சுட்டார் என்று. கேட்க நெஞ்சு நிறைகிறது. ஆனால் பரப்புகிறவர்கள் எவரும் அதற்கு அந்தக் காலத்து ஆவணம் ஒன்றைக்கூடக் காட்டுவதில்லை. வரலாற்றில் நமக்கு ஏற்கெனவே இடம் குறைவு. இருக்கும் இடத்தையும் ஆதாரமில்லாத கதையால் நிரப்பினால், ஒருநாள் எதிரி அதை மட்டும் பிடுங்கிக் காட்டி மற்றதையும் சேர்த்துப் பொய் என்பான். ஆஷை நாம் தியாகி ஆக்க வேண்டியதில்லை. 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யையும் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் கோரல் மில் தொழிலாளர் போராட்டத்தையும் ஒடுக்கிய அதிகாரிகளில் அவர் முன்னணியில் நின்றவர். அதை மறைத்து எழுதுவது நமக்கு அழகில்லை.

அந்தக் கதை நமக்குத் தேவையும் இல்லை. வாஞ்சியின் பையில் இருந்த கடிதமே போதும். அவர் கையால் எழுதியது, போலீஸ் கைப்பற்றியது, வழக்கில் வந்தது. அதில் வ.உ.சி. பெயர் இல்லை. கப்பல் இல்லை, மில் இல்லை, கூலி இல்லை. சனாதன தர்மத்தை வெள்ளையர் மிதிக்கிறார்கள் என்பதுதான் அதன் புகார். பசு மாமிசம் தின்னும் மிலேச்சன் ஒருவனுக்கு இந்த நாட்டில் முடிசூட்டுவதா என்பதுதான் அதன் கொதிப்பு. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டுக்கு அப்போது ஐந்தே நாள் இருந்தது. 'ஐந்தாம்' என்பதற்கு அந்தக் கடிதம் போட்டிருக்கும் சொல் 'பஞ்சமன்'. சமஸ்கிருத எண்ணுப்பெயர்தான், இலக்கணப் பிழை இல்லை என்று சமாதானம் சொல்வோர் உண்டு. ஆனால் 1911 திருநெல்வேலியில் பஞ்சமர் என்றால் யாரென்று குழந்தைக்கும் தெரியும். மாட்டுக்கறியையும் பஞ்சமனையும் ஒரே வரியில் வைத்தவருக்கு மட்டும் தெரியாதா?

அயோத்திதாசர் 'தமிழன்' இதழில் இந்தக் கொலையைக் கண்டித்தார். அதற்காக அவரை வெள்ளைக்காரன் அடிவருடி என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்டுவந்த கேள்வி எளிமையானது: கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் கேட்கும் சுயராஜ்யத்தில் எங்களுக்கு என்ன இருக்கும்? அதற்கு விடை பதினொரு ஆண்டு கழித்து, பத்தமடைக்குப் பக்கத்திலேயே வந்தது.

ஐயர் 1922இல் குருகுலம் தொடங்கினார். முதலில் கல்லிடைக்குறிச்சி, பிறகு சேரன்மாதேவி. தமிழ், தேசியம், உடற்பயிற்சி எல்லாம் உண்டு. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தது. எல்லாச் சாதியாரும் பணம் கொடுத்தார்கள். ஆனால் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மகன் அங்கே படித்தவர். அங்கு நடப்பதைப் பையன் வீட்டில் போய்ச் சொன்ன பிறகு ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் மல்லுக்கு நின்றார்கள். 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய்த் தாமிரபரணியிலேயே உயிர்விட்டார். நவம்பரில் பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார். இங்கே நாம் ஒன்று கேட்டு வைப்போம்: இத்தனை சத்தத்திலும் பேச்சு பிராமணர் பந்தி, பிராமணரல்லாதார் பந்தி என்றே ஓடியது. சேரிப் பிள்ளைக்கு எந்தப் பந்தி என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

சாம்ராஜ்யத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கத் துணிந்த மனிதருக்கு, இரண்டு பையன்களின் இலையை மற்ற இலைகளோடு சேர்த்துப் போடத் துணிவு வரவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்லவில்லை. கம்பரைப் படித்தவர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், மகளுக்காக உயிரையே கொடுத்தவர். அப்படிப்பட்டவரையும் பந்தியில் வந்து நிறுத்தியது எது என்பதுதான் கேள்வி.

ஆயுதம் யார் கையில் என்பதும் சாதியால் முடிவான விஷயம்தான். நால்வருணம் சூத்திரருக்கும் அவருக்குக் கீழே வைக்கப்பட்டவருக்கும் ஆயுதத்தை மறுத்ததால்தான் இந்த நாட்டில் அடியிலிருந்து புரட்சி எழவில்லை என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். துப்பாக்கி நம்மவர்க்குத் தெரியாத பொருளா? மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றினார்கள். ஆனால் படை வேறு, வீடு வேறு. 1878 ஆயுதச் சட்டம் வெள்ளையர்க்கு விலக்குக் கொடுத்தது. ஜமீன்தார்க்கும் பட்டம் பெற்ற பெரிய மனிதர்க்கும் சலுகை கொடுத்தது. மற்றவரெல்லாம் கலெக்டர் கச்சேரி வாசலில் நிற்க வேண்டும். 1959 சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது. ஆனால் நிலமும் செல்வாக்கும் இருப்பவருக்கு உரிமம் சுலபம் என்ற நடைமுறையை எடுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இன்று இந்தியாவில் சாதாரணக் குடிமகன் உரிமத்தோடு வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அளவுதான், 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்டது. இஷாப்பூர் அரசு ஆலை செய்யும் 'அசனி' பிஸ்டலுக்குப் போடுவது 7.65 தோட்டா. 1900 வாக்கில் பிரவுனிங் கொண்டுவந்த அதே தோட்டா! ரிவால்வருக்கான .32 வேறு, பிஸ்டலுக்கான .32 வேறு, ஒன்றை மற்றதில் போடக் கூடாது. கடையில் கிடைக்கிற ரகமும் சொற்பம், எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமத்திலேயே எழுதியிருக்கும். ஆகவே நல்ல தோட்டா எது என்று ஒருவர் கேட்டால் சொல்வதற்கு நிறைய இல்லை: பெட்டி பிரிக்காத புதுசு, உறை போட்ட உருண்டை முனை, ஈரமும் எண்ணெயும் படாத இடம், பையில் வைத்துத் திரிந்ததை அவ்வப்போது மாற்றுவது, பயிற்சிக்களத்தில் சிலவற்றையாவது அதே துப்பாக்கியில் சுட்டுப் பார்ப்பது.

இதைக் கேட்கிற நிலைமை நம் மக்களுக்கு ஏன் வருகிறது என்பதற்குத்தான் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகளில் மூன்றாவது விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவரின் துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் உரிமங்களும் இதில் அடங்கும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும். ஆம், சட்டமே சொல்கிறது.

நம் இளைஞர்கள் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு துள்ளுகிறார்கள். நாங்கள் முதல் வரிகளைப் பிடிக்கச் சொல்கிறோம். தெக்கே நடக்கும் கொலைகள் அரிவாளால், இருட்டில், பின்னாலிருந்து, பத்துப் பேர் சேர்ந்து நடக்கின்றன. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பிஸ்டல் அங்கே எவ்வளவு உதவும்? குடிசையில் ஒரு துப்பாக்கி இருந்தால் அதைக் காட்டியே நம் பையன் மீது வழக்குப் போடுவது எவ்வளவு சுலபம்? அவர்கள் வீட்டுத் துப்பாக்கி கிடங்குக்குப் போவதுதான் நம் தெருவுக்குப் பாதுகாப்பு. அதற்குப் பிறகும் உயிருக்கு மிரட்டல் நிற்காத சாட்சியோ ஊராட்சித் தலைவரோ உரிமம் கேட்டால், கூச்சப்படாமல் விதியைக் காட்டிக் கேட்கட்டும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியவை இவை: 1995 முதல் இன்றுவரை மூன்றாம் விதியின்கீழ் அடையாளம் கண்ட பகுதிகள் எவை, ரத்தான உரிமங்கள் எத்தனை, கிடங்கில் வாங்கி வைத்த துப்பாக்கிகள் எத்தனை, பட்டியல் சாதியினர் உரிமம் கேட்டுப் போட்ட மனுக்கள் எத்தனை, கொடுத்தவை எத்தனை, மறுத்ததற்கு எழுதிய காரணம் என்ன. தனித்தனித் தாளில், ஒரு தாளுக்கு ஒரு கேள்வியாகப் போடுங்கள். சேர்த்துக் கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்றதை விட்டுவிடுவார்கள். மனு எழுத உதவி வேண்டுவோர் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.