மூன்று நாளிலிருந்து ஓராண்டு வரை: குளுக்கோசு உணரியின் ஆயுட்கால வரலாறு

நீரிழிவு நோயாளர் அணியும் தொடர் குளுக்கோசு உணரி, தோலின் கீழுள்ள இழையப் பாய்பொருளில் குளுக்கோசின் அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறிவிக்கும் சிறு கருவியாகும். அதன் வளர்ச்சியை அளவீட்டு நுட்பத்தின் வரலாறாகவே பலரும் நோக்குவர். ஆயினும், உணரி உடலில் எத்தனை நாள் நம்பகமாக இயங்கும் என்ற வினாவும் அவ்வளர்ச்சியை வழிநடத்தியது.

1962இல் ஐக்கிய அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் ஆகியோர் குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியத்தை மின்வாயுடன் இணைக்கும் கருத்தை முன்வைத்தனர். 1967இல் அப்டைக், ஹிக்ஸ் ஆகிய இருவரும் செயற்படும் நொதிய மின்வாயை விவரித்தனர். 1982இல் ஜப்பானின் ஒசாக்காவில் ஷிச்சிரி குழுவினர் ஊசி வடிவ உணரியைத் தோலின் கீழ்ப் பொருத்திக் காட்டினர். 1999இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மினிமெட் கருவியின் உணரிக்கு வழங்கப்பட்ட காலம் மூன்று நாட்களே. அதன் அளவீடுகளை நோயாளர் உடனுக்குடன் காணவும் இயலவில்லை. வைத்தியரே பின்னர் அவற்றை ஆராய்ந்தார்.

இக்காலக் குறுக்கத்துக்கு உடலின் எதிர்விளைவு ஒரு முதன்மைக் காரணமாகும். உணரி உட்புகுந்ததும் புரதங்கள் அதன்மேற் படிகின்றன. வெண்குழியங்கள் அதனைச் சூழ்கின்றன. நாளடைவில் நார் உறையொன்று உருவாகிக் குளுக்கோசின் வருகையைத் தடுக்கிறது. தாக்கத்தில் விளையும் ஐதரசன் பேரொட்சைட்டு நொதியத்தைச் சிதைக்கிறது. தோலிலுள்ள ஒட்டுப்பசையும் வியர்வையால் தளர்கிறது. ஆகவே, காலத்தை நீடித்தல் என்பது ஒரே தடையைக் கடக்கும் முயற்சியன்று.

இத்தடைகளுக்கு வெவ்வேறு விடைகள் காணப்பட்டன. குளுக்கோசின் வருகையை மட்டுப்படுத்தும் வெளி மென்சவ்வுகள் சீராக்கப்பட்டன. அடம் ஹெல்லர் நொதியத்தை ஒசுமியம் சேர்ந்த பல்பகுதியத்தால் மின்வாயுடன் இணைத்து, ஒட்சிசனில் தங்கியிருக்கும் நிலையைக் குறைத்தார். 2007இல் டெக்ஸ்கொம் உணரியொன்று ஏழு நாட்களுக்கு அங்கீகாரம் பெற்றது. 2014இல் ஐரோப்பாவில் வெளிவந்த பிரீஸ்டைல் லிப்ரே பதினான்கு நாட்கள் இயங்கியது. நொதியத்தை விடுத்து ஒளிர்வைப் பயன்கொண்ட எவர்சென்ஸ், வைத்தியரால் தோலின் கீழ்ப் பதிக்கப்படுவது. அழற்சியை அடக்க டெக்சாமெதசோன் மருந்தையும் கசியவிடுவது. ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு 2018இல் 90 நாட்களும், 2022இல் 180 நாட்களும், 2024இல் 365 நாட்களும் அனுமதிக்கப்பட்டன.

இந்நாட்கணக்கு பொருளின் இயல்பை மட்டும் குறிப்பதன்று. லிப்ரே ஐக்கிய அமெரிக்காவில் 2017இல் பத்து நாட்களுக்கே அனுமதிக்கப்பட்டது. பதினான்கு நாட்கள் 2018இலேயே கிடைத்தன. எனவே, உறையில் அச்சிடப்பட்ட காலம் உணரி செயலிழக்கும் நாளன்று. அதன் துல்லியம் நிறுவப்பட்ட எல்லையாகும்.

இவ்வேறுபாட்டை நோயாளர் தம் அனுபவத்தாலேயே உணர்ந்தனர். உணரியின் விலையைத் தாமே செலுத்த வேண்டியவர்கள், காலம் முடிந்த உணரியைப் புதியதெனக் கருவிக்கு அறிவித்து மீண்டும் இயக்கினர். பின்வந்த உணரிகள் சில, இவ்வழி அடைபடுமாறு அமைக்கப்பட்டன. நோயாளரின் செயலை வெறும் விதிமீறலெனத் தள்ளுவது பொருந்தாது. வறுமையும் நீண்டகால நோயும் சேர்ந்தவிடத்துச் சிக்கனம் தேவையாகிறது. எனினும், தளர்ந்த உணரி குளுக்கோசை மிகையாகக் காட்டின், அதனை நம்பி ஏற்றப்படும் இன்சுலின் உயிருக்கே ஆபத்தாகலாம். விரல் நுனிக் குருதியைச் சோதித்து ஒப்பிடாமல் நீடிக்கப்படும் ஒவ்வொரு நாளும் அவ்வாபத்தைச் சுமந்ததே.

மூன்று நாட்கள் ஓராண்டாக வளர்ந்தமை ஆய்வுகூடத்தின் வெற்றியாகும். ஆயின், நீண்டகால உணரி வாங்கும் வசதியுடையோர்க்கு மட்டுமே எட்டுமாயின், ஏனையோர் நிறுவப்பட்ட எல்லைக்கு அப்பால் தம் உடலையே சோதனைக்குட்படுத்துவர். நாட்களை நீடித்த அறிவியல், விலையையும் குறைக்கும்போதே அவ்வெற்றி முழுமையுறும்.