இரு மங்கையரின் ஓவியம்

ஸ்கொத்லாந்திலே பேர்த் நகருக்கு அணித்தாய் உள்ள ஸ்கூன் மாளிகை, மான்ஸ்பீல்ட் பிரபுக்களின் பரம்பரை இல்லமாகும். பொதுமக்களும் கண்டு செல்லும் அம்மாளிகையின் சேகரிப்பிலே, 1779ஆம் ஆண்டளவில் டேவிட் மாட்டின் தீட்டியதாகக் கருதப்படும் ஓவியம் ஒன்றுண்டு. அதிலே இரு மங்கையர் காணப்படுகின்றனர். ஒருத்தி வெண்ணிறத்தாள், இளஞ்சிவப்புப் பட்டாடை உடுத்து, நூலொன்றைக் கையில் வைத்திருக்கிறாள். மற்றவள் கருநிறத்தாள், தலைப்பாகையில் இறகு செருகி, பழங்களை ஏந்தி, கன்னத்தில் விரல் வைத்து முறுவலிக்கிறாள். முதலாமவள் கைநீட்டி மற்றவளைத் தொடுகிறாள்.

நிறத்தையும் பழங்களையும் கண்டோர் நெடுங்காலம் இவளைப் பணிப்பெண் என்றே எண்ணினர். உண்மை அதுவன்று. இருவரும் இங்கிலாந்தின் பிரதம நீதியரசராய் விளங்கிய முதலாம் மான்ஸ்பீல்ட் பிரபுவுக்குப் பேர்த்தி முறையினர். எலிசபெத் மறே அவருடைய தமையன் மகனின் மகள். டைடோ எலிசபெத் பெல் அவருடைய சகோதரியின் மகனான கடற்படை அதிகாரி சேர் ஜோன் லிண்ட்சேயின் மகள். டைடோவின் தாய் மரியா பெல், அடிமைப்பட்ட ஆபிரிக்கப் பெண். பிள்ளைகள் இருவரும் இலண்டனிலுள்ள கென்வூட் இல்லத்திலே பிரபுவின் ஆதரவில் வளர்ந்தனர்.

ஒன்றாய் வளர்ந்தனரேயன்றி ஒப்பாய் வளர்ந்தாரல்லர். 1779இல் அங்கு விருந்துண்ட தோமஸ் ஹச்சின்சன் என்பார், டைடோ விருந்தினரோடு அமர்ந்து உண்ணவில்லை என்றும், உணவு முடிந்தபின் வந்து பெண்களுடன் இருந்தாள் என்றும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பாற்பண்ணையையும் கோழிகளையும் மேற்பார்ப்பது அவள் பொறுப்பு. ஆயினும் பிரபுவின் கடிதங்களை எழுதுமளவுக்குக் கல்வியும் அவளுக்கு வாய்த்திருந்தது.

அடிமை ஒருவரை இங்கிலாந்திலிருந்து பலாத்காரமாகக் கொண்டுபோகலாகாது என்று 1772இல் சோமர்செற் வழக்கிலே தீர்ப்பளித்தவர் இதே மான்ஸ்பீல்ட் பிரபுதான். அவரே 1782இல் எழுதிய மரணசாசனத்தில் டைடோவின் சுதந்திரத்தை உறுதிசெய்து ஒரு வரி சேர்த்தார். 500 பவுணும் ஆண்டுதோறும் 100 பவுணும் அவளுக்கு விட்டுச்சென்றார். தம் மடியில் வளர்ந்த பிள்ளையின் சுதந்திரத்துக்கும் எழுத்துச் சான்று வேண்டுமென அந்த நீதிமான் கருதினார் என்றால், அக்காலத்துச் சட்டத்தின் நிலை எத்தகையது என்பதை நாம் உணரலாம். பிரபு 1793இல் காலமானார். அவ்வாண்டிலேயே மணம் முடித்த டைடோ 1804இல் மறைந்தாள்.

இது பிறநாட்டார் கதையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்க 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் எம் இலங்கையை விலக்கியே வைத்தது. இங்கு அம்முறை 1844ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினாலேயே ஒழிந்தது. 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே இருந்தது. சட்டம் மறைந்தபின்னும் திண்ணையிலும் பந்தியிலும் அதன் நிழல் நெடுநாள் நீடித்ததை மூத்தோர் அறிவர்.

எனவே இளைஞர்காள், உங்கள் இல்லங்களில் பழைய குடும்பப் படம் எஞ்சியிருக்குமாயின் அதனை எடுத்துப் பாருங்கள். நடுவில் அமர்ந்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் நிற்பவர் யார், குழந்தையை ஏந்தி நிற்பவர் யார் என்று பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் கேளுங்கள். பெரியோர்களே, கேட்கும்போது மறையாது சொல்லுங்கள். அந்தப் பெயரையும் படத்தின் பின்புறத்தில் எழுதிவைப்போம்.