கூதிரில் ஒரு நாள்: கொற்கையிலிருந்து காயல்பட்டினம் வரை

குறைஷியரின் மாரிக்காலப் பயணமும் கோடைக்காலப் பயணமும் திருமறையின் ஒரு தனி அத்தியாயத்துக்கே பொருளாகி நிற்பதை நாமனைவரும் அறிவோம். அவை வணிகப் பயணங்கள். நாம் ஈண்டு பேசப் புகுவது அத்தகையதன்று. காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பும் சிறு பயணம் பற்றியதே இக்கட்டுரை. அதற்கு நாம் தேர்ந்துகொண்ட பருவம், அரபியர் 'கரீஃப்' என்பதும், தமிழர் 'கூதிர்' என்பதுமாகிய ஐப்பசி, கார்த்திகைக் காலம். மேலைநாட்டார் இப்பருவத்தில் மரங்களின் இலை பழுப்பதைக் காண வண்டியேறிச் செல்வர். நம் நாட்டில் கூதிரில் இலை உதிர்வதில்லை; தளிர்க்கின்றது. புரட்டாசியின் வெக்கை தணிந்து, குளங்களுக்கு நீர் வந்து, வயல்களில் நாற்று நிற்கும் ஐப்பசியின் முற்பகுதியே நெல்லைச் சீமையைச் சுற்றிப் பார்க்கத் தக்க நேரம்.

திருநெல்வேலியிலிருந்து காரில் புறப்பட்டால் தாமிரபரணியின் கரையோடு கிழக்கே சென்று, நான்கு சிற்றூர்களைக் கண்டு, போகவர ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் பயணத்தை முடித்துவிடலாம். கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்பன அந்நான்கு. திருச்செந்தூர்ச் சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். இவ்வூர்களின் பெயர்ப்பலகையைக் கண்டு வண்டியை நிறுத்துவோர் மிகச் சிலரே. நம்மவரும் காயல்பட்டினத்துக்குத் திருமணத்திற்கென வருவர், விருந்துண்பர், திரும்பிவிடுவர். அவ்வூர் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி எழுவதே இல்லை.

ஊர் எங்கிருந்து வந்தது என்று கேட்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இவ்வாற்று முகத்தில் ஊர்கள் இடம்பெயர்ந்துதான் வந்திருக்கின்றன. பொதிகையில் பிறந்த ஆறு வண்டலைச் சுமந்துகொண்டு வந்து முகத்துவாரத்தில் கொட்டுகின்றது. கடல் பின்வாங்குகின்றது, துறைமுகம் கரையில் தனித்து நின்றுவிடுகின்றது. கப்பல் வராத ஊரில் வணிகனுக்கு என்ன வேலை? அவன் நீரைத் தேடிக் கிழக்கே நகர்ந்துவிடுகின்றான். முதலில் கொற்கை, அதன்பின் காயல், அதன்பின் புன்னைக்காயல் என இந்நகர்வு ஈராயிரம் ஆண்டுகளில் நடந்தேறியது. ஒரே நாளில் காரில் அமர்ந்து இதனைக் கண்ணால் காண இயலுமென்பதே இப்பயணத்தின் சிறப்பு.

வழியில் ஆதிச்சநல்லூரின் தாழிக்காடும், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும், நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியும் உள. ஒவ்வொன்றும் ஒரு நாளை வேண்டுவன. ஆதலின் அவற்றைப் பிறிதொரு முறைக்கு விட்டு ஏரல் வழியே கொற்கைக்குச் செல்வோம்.

பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கையை இன்று காண்போர்க்கு முதலில் தோன்றுவது ஏமாற்றமே. வாழைத் தோட்டம், வயல், ஒரு குளம், முதிர்ந்த வன்னிமரம், சில தெருக்கள். கடலோ ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் வழிகாட்டி' இவ்வூரைக் 'கொல்கி' என்று குறித்து, அங்கே முத்துக் குளிப்போர் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் கூறுகின்றது. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது கிட்டிய கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டெனக் கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் அகழ்ந்தனர். அதற்குமேல் கொற்கையில் நமக்கு வேலையில்லை. குளக்கரையில் நின்று, இந்நீர் ஒருகாலத்தில் உப்பாக இருந்திருக்கலாம் எனப் பிள்ளைகளிடம் சொன்னால் போதும்.

அங்கிருந்து முக்காணி வழியே பழையகாயல் சென்றால் வரலாறு நம் வீட்டுக் கதையாகத் தொடங்குகின்றது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 'காயில்' என்னும் பெருநகரைக் குறித்து எழுதினார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாடு முழுவதிலிருந்தும் குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றிய கப்பல்கள் அனைத்தும் தொடும் துறை அதுவே என்பது அவர் தரும் செய்தி. இவ்வாணிகத்தின் அளவைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எண்களாகவே தருகின்றார். கீஷ் தீவின் அதிபர் மலிகுல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தம் சொந்தக் கணக்கில் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கதீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய துறைகள் அனைத்திலிருந்தும் வந்தவை 10,000. குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் பணம் கொடுக்க வேண்டும் என்பது உடன்பாடு! இன்றைய வணிகர் எவருக்கேனும் இத்தகைய ஒப்பந்தம் வாய்க்குமா?

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் இங்கே நெடுநாள் வாழவில்லை. வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர் என வஸ்ஸாஃப் வியக்கின்றார். குதிரைக்கு லாடமடிப்போரையும் மருத்துவம் தெரிந்தோரையும் இங்கு வரவிடாமல் வணிகரே தடுத்தனர் என மார்க்கோ போலோ குற்றம் சாட்டுகின்றார். குற்றச்சாட்டு மெய்யாயின் அவ்வணிகருள் நம் சமயத்தாரும் இருந்திருப்பர் என்பதை மறைப்பதற்கில்லை. முன்னோர் வரலாற்றை எழுதுவோர் புகழ்ச்சியை மட்டும் பொறுக்கியெடுத்தால் அது வரலாறாகாது.

ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராய் அமர்ந்து, காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்களைத் தம் பொறுப்பில் வைத்திருந்தார் எனவும் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். தமிழ் வேந்தனின் அவையில் ஓர் அரபு அமைச்சர்! வாளால் வந்த பதவியன்று அது. குதிரையாலும் கணக்காலும் நம்பிக்கையாலும் வந்தது. காயலில் இருந்த அரசன் பாண்டிய உடன்பிறந்தார் ஐவருள் மூத்தவன் என்கிறார் மார்க்கோ போலோ. ஐவரும் தமக்குள் போரிட முனையும்போதெல்லாம் அவர்தம் தாய் கத்தியை ஏந்தி, உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என அச்சுறுத்தித் தடுப்பாளாம். அவள் மறைந்ததும் இவர்கள் ஒருவரையொருவர் அழிப்பர் என்றும் அவர் எழுதிவைத்தார். அவ்வாறே 1310இல் வீர பாண்டியனும் சுந்தர பாண்டியனும் மோதினர். அடுத்த ஆண்டே மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்தது.

இத்துணைச் செல்வம் புரண்ட காயில் எது? இதில்தான் வழக்கு. பாதிரியார் கால்டுவெல் 1870களில் இப்பகுதியை ஆராய்ந்து, பழையகாயலைச் சுற்றிய நிலமெங்கும் சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்கலத் துண்டுகளும் இறைந்து கிடந்ததைக் கண்டு, மார்க்கோ போலோவின் நகர் இதுவே என்றார். காயல்பட்டினத்துப் பெரியோர் தம்மூரே அது என்பர். நாமறிந்தவரை, 13ஆம் நூற்றாண்டுத் துறை பழையகாயலைச் சார்ந்தே இருந்திருத்தல் வேண்டும். ஆற்றின் போக்கும் ஓட்டுத் துண்டுகளும் அதற்குச் சான்று. ஆயினும் துறை வேறு, குடி வேறு. துறை தூர்ந்தபோது மக்கள் தம் பெயரையும் பள்ளியையும் தொழிலையும் எடுத்துக்கொண்டே சென்றனர். காயலின் வழித்தோன்றல் என்னும் உரிமை காயல்பட்டினத்துக்கு உண்டு என்பதைக் கால்டுவெல்லின் முடிவு மறுக்கவில்லை. இவ்விரு ஊராரும் இதன்பொருட்டு வருந்த வேண்டுவதில்லை.

பழையகாயலை விட்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஆத்தூர். சாலையோரம் வெற்றிலைக் கொடிக்கால்களைக் காணலாம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காயில் நகரத்து மக்கள் எந்நேரமும் 'தெம்புல்' என்னும் இலையை மென்றபடியே இருந்தனர் என்று மார்க்கோ போலோ எழுதியதை இவ்விடத்தில் நினைவுகூர்க. அச்சொல் நம் அரபு அகராதிகளில் காணும் 'தன்பூல்', வடமொழித் 'தாம்பூலம்'. ஒருவனை இழிவுபடுத்த வேண்டின் அச்சாற்றை அவன் முகத்தில் உமிழ்வர் எனவும், உமிழப்பட்டவன் அரசனிடம் சென்று வாட்போருக்கு இசைவு கேட்பான் எனவும் அவர் கூறுகின்றார். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கொடிக்கால் அதே வட்டாரத்தில் தழைத்திருக்கின்றது. அரண்மனை எங்கே என்றால் சொல்வாரில்லை.

புன்னைக்காயல் ஆறு கடலில் கலக்குமிடம். பரதவ மக்களின் ஊர். போர்த்துக்கீசியர் வந்த பின்பு முத்துக்குளிப்பின் உரிமை குறித்து மரைக்காயர்க்கும் பரதவர்க்கும் மூண்ட பகையில், பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடி 1530களில் கிறிஸ்தவ சமயம் தழுவினர். 1538இல் வேதாளைக் கடற்போரில் மரைக்காயரின் கப்பற்படை முறியடிக்கப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை நிலைமை வேறாக இருந்தது. முத்து வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த காயல் முஸ்லிம் செல்வர் ஒருவரை மக்கள் அரசனைப் போலவே மதித்தனர் எனவும், முஸ்லிம்களின் வழக்குகளை அவரே தீர்த்துவைத்தார் எனவும் துவார்த்தே பர்போசா எழுதியுள்ளார். அச்செல்வாக்கின் சுமை பரதவரின் முதுகில் இருந்ததா என்னும் கேள்வியை நம் நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கேட்கத்தான் வேண்டும். இவ்வூரில் தங்கியிருந்த அண்டிரிக் அடிகளார் தமிழில் அச்சு நூல்களை வெளியிட்ட முன்னோடி. அவர்தம் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தமிழ் கற்று, தமிழெழுத்தை ஈயத்தில் வார்ப்பித்ததைப் படிக்கும்போது, அரபுத்தமிழ் ஏடுகளை நம் ஆலிம்கள் நெடுங்காலம் கையாலேயே படியெடுத்துக்கொண்டிருந்தது நெஞ்சில் தோன்றாமல் இராது.

ளுஹர் நேரத்துக்குக் காயல்பட்டினம் சேர்வது நலம். குத்பாப் பெரிய பள்ளி, குத்பாச் சிறிய பள்ளி ஆகியவற்றில் கற்றூண்களையும் கற்பலகைக் கூரையையும் நின்று நோக்குக. தில்லியிலும் ஆக்ராவிலும் காணும் பெருங்குவிமாடம் இம்மரபில் இல்லை. தமிழ்நாட்டுத் தச்சர் தமக்குத் தெரிந்த கல்வேலையைக் கொண்டு, உருவச்சிற்பம் நீக்கி, பூவும் கொடியும் மட்டும் வைத்துச் செய்து தந்த இறையில்லங்கள் இவை. மெஹர்தாத் ஷுகூஹி என்னும் அறிஞர் இப்பள்ளிகளை அளந்து, வரைந்து, 2003இல் தம் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூலில் பதிந்துள்ளார். அவ்வேலையை நம்மவர் முன்பே செய்திருக்கலாம்.

ஊரின் தெருவமைப்பும் காணத்தக்கது. வீடுகளுக்கிடையே 'முடுக்கு' எனப்படும் ஒடுங்கிய சந்துகள் பெண்கள் நடமாடுதற்கென உள்ளன. திருமணமானபின் மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வந்து தங்குவது இவ்வூர் வழக்கம். ஆண்கள் காற்றின் பருவம் நோக்கிக் கப்பலேறி மாதக்கணக்கில் இலங்கையிலும் கீழை நாடுகளிலும் தங்கிய காலத்தில், மகள் தாய்வீட்டிலேயே இருப்பது எவ்வளவு அறிவார்ந்த ஏற்பாடு என்பதைப் பெண்மக்களைப் பெற்றோர் உணர்வர்.

சதக்கத்துல்லாஹ் அப்பா (1632-1703) பிறந்தது இவ்வூரில், அடங்கியிருப்பது கீழக்கரையில். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரும் இவ்வூரினரே. இவ்வூர் ஆலிம்கள் தம் பெயரோடு 'காஹிரீ' எனச் சேர்ப்பர். முன்னோர் கெய்ரோவிலிருந்து வந்தமையால் அப்பெயர் என்பது ஊர் வழக்கு. காயல் என்னும் தமிழ்ப் பெயரை அரபு நாவுக்கு இசைய மாற்றியோர் அதனில் கெய்ரோவின் ஒலியையும் கேட்டு மகிழ்ந்தனர் என்று நாம் கருதுகின்றோம். மறுப்போர் எழுதலாம்.

அஸருக்கு முன்னதாகப் பழைய அடக்கத்தலங்களைப் பாருங்கள். மீசான் கற்களில் அரபு எழுத்தில் பெயரும் ஹிஜ்ரீ ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். நம் கடற்கரையூர்கள் பலவற்றில் இக்கற்களின்மேல் ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசி எழுத்தை மூடிவிடுகின்றனர். பள்ளியை விரிக்கும்போது பெயர்த்துச் சுவரோரம் சாய்த்துவிடுகின்றனர். ஓரூரில் அத்தகைய கல்லொன்று ஹவ்லின் அருகே கால்கழுவும் படியாய்க் கிடந்ததை நாம் கண்டோம். கிளறிப் பார்த்தால் அரபு நாட்டிலிருந்து வந்த ஒருவரின் குலப்பெயர் அதில் இருக்கக்கூடும். கீஷையும் ஹுர்முஸையும் நம் ஊர்களோடு இணைக்கும் சான்று வஸ்ஸாஃபின் ஏட்டில் உள்ளது. இந்தக் கரையில் அதற்கு ஈடாக நம் கையில் எஞ்சியிருப்பவை இக்கற்களே. மதரஸாவில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், அவர்களே தாளில் பெயரையும் ஆண்டையும் படியெடுத்துவிடுவர். கல்லைத் தேய்க்காமல், சாய்ந்த வெயிலில் பார்த்தால் வெட்டெழுத்து தெளிவாய்த் தெரியும்; ஆதலாற்றான் அஸருக்கு முந்திய நேரத்தைச் சொன்னோம்.

பின்பு கடற்கரையில் அமரலாம். வட்டிலப்பம் கிடைத்தால் பிள்ளைகள் மகிழ்வர்.

ஒன்று கூறவேண்டும். ஐப்பசி கடந்து கார்த்திகை முற்றினால் வானத்தைப் பார்த்தே புறப்படுக. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. எனப் பதிவாயிற்று. தாமிரபரணி கரை மீறியது. ஏரல் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. இத்தகைய வெள்ளங்கள் சுமந்து வந்த வண்டல்தான் கொற்கையையும் காயலையும் கரையில் விட்டுச் சென்றது. ஆற்றின் அவ்வேலை இன்றும் முடிந்துவிடவில்லை.